எருக்கலையின் உறவு

செப்டெம்பர் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை. வேலை முடிந்து வந்து பின்கதவைத் திறந்தபோது, வேலியோரத்துச் சீடர் (cedar) மரத்தில் காய்ந்த இலைகள் கொத்தாகத் தொங்குவதைக் கண்டேன். சீடருக்கு ஏது அகன்ற இலை? கிட்டப் போனேன். ஓர் ‘இலை’ மெல்ல விரிந்து செம்மஞ்சளாகி மறுபடி மூடிக்கொண்டது. அத்தனையும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள். நாற்பத்தொன்று வரை எண்ணினேன், அதற்குள் இருட்டிவிட்டது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் இந்த வீட்டுக்கு 2012இல் வந்தோம். கோடையில் ஒன்றிரண்டு மொனார்க் வரும், போகும். ஒரு கூட்டம் இரவு தங்க வந்தது இதுவே முதல் தடவை.

வந்த முதல் கோடையில் நான் செய்த காரியம் இன்னும் மனதை உறுத்துகிறது. வேலியோரம் நெஞ்சளவு உயரத்துக்கு நின்ற செடிகளைக் களை என்று நினைத்துப் பிடுங்கிக் குவித்தேன். கையெல்லாம் பால். அப்போது எங்களுடன் தங்கியிருந்த அம்மா ஒரு காம்பை எடுத்து ஒடித்தார். வடிந்த பாலைப் பார்த்தார். இலையின் அடிப்புறத்து மென்மயிரை விரலால் தடவினார். “பிள்ளை, இது எருக்கலையின் உறவு. மிச்சத்தையாவது விடு” என்றார்.

அம்மா தாவரவியல் படித்தவர் அல்ல. ஆனால் அவர் சொன்னது சரி. இங்கே மில்க்வீட் என்று சொல்லும் அந்தச் செடியும் நம் ஊர் எருக்கலையும் ஒரே குடும்பம். முற்றிய காய் வெடித்தால் இரண்டிலும் பட்டுப்போன்ற பஞ்சு பறக்கும். ஒழுங்கை ஓரத்து எருக்கலையில் முட்டையிடுமே, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி, தமிழில் வெந்தய வரியன் என்பார்கள், அது மொனார்க்கின் நெருங்கிய சொந்தம். இரண்டின் புழுக்களும் பாலில் இருக்கும் நஞ்சைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. கொத்தித் தின்ற பறவை ஒரு முறை வாந்தியெடுத்தால் அடுத்த முறை தொடாது.

நான் பிடுங்கியபோது சட்டமும் அந்தச் செடிக்கு எதிராகவே இருந்தது. ஒன்ராறியோவின் தீங்கு தரும் களைகளின் பட்டியலிலிருந்து மில்க்வீட்டை 2014இல்தான் நீக்கினார்கள். மொனார்க்கின் புழு வேறெந்த இலையையும் தின்னாது. குண்டூசித் தலையளவு முட்டைகள் எத்தனை அந்தக் குவியலில் வாடிப்போயினவோ! அம்மா காப்பாற்றிய நான்கு செடிகள் வேர் ஓடிப் பெருகி இன்று வேலி நீளத்துக்கும் நிற்கின்றன.

செப்டெம்பரில் வருபவற்றைக் கோடையில் வருபவற்றோடு சேர்த்து நினைக்கக் கூடாது. கோடையில் பிறப்பவை சில வாரங்களே வாழும். இணைசேரும், முட்டையிடும், முடிந்துவிடும். பகல் குறுகி, இரவு குளிர்ந்து, மில்க்வீட் இலைகள் முற்றத் தொடங்கும்போது கூட்டிலிருந்து வெளிவரும் தலைமுறைக்கு இனப்பெருக்க உறுப்புகள் முதிர்வதில்லை. அது எட்டு, ஒன்பது மாதம் உயிரோடிருக்கும். அரைக் கிராம் எடையோடு மூவாயிரம் கிலோமீற்றருக்கும் மேல் பறந்து மெக்சிக்கோ மலைக் காடுகளை அடையும். வசந்தத்தில் அங்கிருந்து கிளம்புபவை வழியில் முட்டையிட்டு மடிய, அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே ஒன்ராறியோ வரை வருகின்றன. அடுத்த செப்டெம்பரில் தெற்கே போவது, நம் ஊர் மரண அறிவித்தல்களில் எழுதுவோமே, அந்தப் பூட்டப்பிள்ளைகள். வழியை யாரும் காட்டித் தருவதில்லை.

அவை எங்கே போகின்றன என்பதைத் தேடிக் கண்டவர் எங்கள் ஸ்காபரோவோடு தொடர்புடையவர் என்பதை அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் பேராசிரியராக இருந்த பிரெட் அர்கர்ட், மனைவி நோராவுடன் பல பத்தாண்டுகள் இதற்காக உழைத்தார். ஊரூராகத் தொண்டர்களைச் சேர்த்து, சிறகில் சிறு சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். 1975 ஜனவரியில், அவர்களுக்காக மெக்சிக்கோவில் தேடிய கென் பிரகரும் கத்தலீனா அகுவாடோவும் மிச்சோவகான் பகுதியின் மலையொன்றில் மரங்களை மூடியிருந்த கூட்டத்தைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அர்கர்ட், தமது 64ஆவது வயதில், ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரத்துக்கு ஏறிப் போனார். பாரம் தாங்காமல் முறிந்து விழுந்த ஒரு கிளையில், மினசோட்டாவில் சீட்டு ஒட்டப்பட்ட ஒரு பூச்சி இருந்தது. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் கண் கலங்கும்.

1996–97 குளிர்காலத்தில் அந்தக் காடுகளில் 18 ஹெக்டயர் பரப்பை மூடியிருந்தவை, 2023–24இல் ஒரு ஹெக்டயரைக் கூட நிறைக்கவில்லை. மில்க்வீட் மட்டும் நட்டால் போதாது என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். போகிற பூச்சிக்குச் செப்டெம்பரில் தேன் வேண்டும். அந்தத் தேன்தான் உடலில் கொழுப்பாகிக் குளிர்காலம் முழுவதும் அதைத் தாங்குகிறது. ஆனால் இங்கே பலர் செப்டெம்பர் பிறந்ததும் தோட்டத்தை மொட்டையடித்துத் துப்புரவாக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். இன்று அது வழிப்போக்கனின் கட்டுச்சோற்றைப் பறிப்பதாகப் படுகிறது. செப்டெம்பரில் பூக்கும் ஊதா ஆஸ்டரையும் மஞ்சள் கோல்டன்ரொட்டையும் இப்போது நான் தொடுவதில்லை.

அன்றிரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்துக்கு அழைத்தேன். அங்கே விடியற்காலை, அம்மா எழுந்து தேநீர் வைத்திருந்தார். “எத்தனை?” என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. “நாளைக்கு வேலைக்குப் பிந்திப் போ” என்றார்.

பிந்தித்தான் போனேன். காலையில் பத்துப் பாகை குளிர். எல்லாம் சிறகு மூடியபடியே தொங்கின. ஒன்பது மணியளவில் வெயில் மரத்தின் உச்சியைத் தொட்டது. மேலே இருந்தவை முதலில் நடுங்கின. குளிரில் விறைத்த தசையைச் சூடாக்க அவை அப்படித்தான் நடுங்கும். பிறகு வெயில் கீழிறங்க இறங்க, வரிசை வரிசையாகச் சிறகுகள் விரிந்தன. வடமேற்குக் காற்று எழுந்தது. ஐந்து, பத்து என்று கிளம்பிக் கூரைக்கு மேல் வட்டமிட்டு, ஏரிப் பக்கம் போயின. பத்தரைக்கு மரம் வெறும் பச்சை.

ஒரு பெண் மட்டும் பின்தங்கியது. இடது பின்சிறகில் ஒரு கீற்றுக் கிழிந்திருந்தது. ஆஸ்டர் பூக்களில் ஒன்று விடாமல் உறிஞ்சிக்கொண்டு நெடுநேரம் இருந்தது. நண்பகலுக்குச் சற்று முன் அதுவும் எழுந்து கூரையைத் தாண்டியது. ஆஸ்டர் இன்னும் இரண்டு வாரமாவது பூக்கும். பின்னால் வருபவை உண்டு.