மஞ்சள் துணி முடிச்சுகளோடு செந்தூருக்கு

திருச்செந்தூருக்கு எழும்பூரில் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் போய் இறங்கிவிடலாம். நாங்கள் காரில், அதுவும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஊர் ஊராக நின்று போனதற்குக் காரணம் உண்டு. இவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது நாகப்பட்டினத்தில் என் நாத்தனார், ராமநாதபுரத்தில் பெரியப்பா மகள் அக்கா, தூத்துக்குடியில் என் மாமியாரின் தம்பி என்று கடலோரம் நெடுக இருக்கும் சொந்தங்கள் அவரவர் வீட்டு சாமி அறையில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டார்கள். ஒருவரைக் கேட்டு ஒருவர் செய்யவில்லை. எல்லோருக்கும் செந்திலாண்டவன்தான் நினைவுக்கு வந்திருக்கிறான்.

எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது. ஐசியூ வாசலில் அந்த ராத்திரி முழுக்க நான் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் வீட்டுக்கு வந்து, வராந்தாவில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொருவராகப் போனில் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கண் நிறைந்தது. அத்தை உடனே சொல்லிவிட்டார்: "அந்த முடிச்சையெல்லாம் நாமளே வீடு வீடாப் போய் வாங்கணும். வாங்கிட்டுப் போய் மொத்தமா அவன் உண்டியல்ல சேர்க்கணும்."

டாக்டர் நீண்ட பயணத்துக்குச் சம்மதம் சொன்னதும் தை மாதத்தில் கிளம்பினோம். மகன் வண்டி ஓட்டினான். இவர் முன் சீட்டில், நானும் அத்தையும் பின்னால். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் எல்லாம் நிற்காமல் கடந்தோம். திருக்கடையூரில் மட்டும் அத்தை இறங்கியே ஆக வேண்டும் என்றார். அவருக்கும் மாமனாருக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்த இடம். உள்ளே மணமக்களும் மாலைகளும் ஓமப் புகையுமாக நிற்க இடமில்லை. அபிராமியை எட்டி நின்று கும்பிட்டுவிட்டு, "இவன் அறுபதுக்கும் இங்கதான்டியம்மா வருவோம்" என்று அவளிடமே சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினார். அதற்கப்புறம் வழியெல்லாம் அறுவடை. தார்ச்சாலையில் பாதி தூரம் நெல் காய்ந்தது.

நாகப்பட்டினத்தில் ராத்தங்கல். மறுநாள் விடிகாலையிலேயே நாத்தனார் எங்களைச் சிக்கலுக்கு அழைத்துப் போனாள். 'சிக்கலில் வேல் வாங்கி செந்தூரில் சம்ஹாரம்' என்று சொல்வார்களே, அந்த வழியில்தான் நாங்களும் போகப் போகிறோம் என்று அவள் சொல்லும்வரை எனக்குத் தோன்றவேயில்லை. கந்த சஷ்டியில் வேல்நெடுங்கண்ணி அம்மையிடம் வேல் வாங்கும்போது சிங்காரவேலர் திருமேனியில் வேர்வை அரும்புவதையும், பட்டுத்துணியால் அதை ஒற்றி எடுப்பதையும் அவள் பல வருடம் பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் கூட்டமே இல்லை. சன்னதியில் நின்றபடி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சண்டைக்குப் போறதுக்கு முன்னால அவருக்கே வேர்க்குது அண்ணி. அண்ணனை உள்ள கூட்டிட்டுப் போனப்ப நாம நடுங்கினதுல என்ன தப்பு?" அந்த ராத்திரி நான் பயந்தது என் நம்பிக்கைக் குறைவு என்று எனக்குள் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. சிங்காரவேலர் முன்னால் அது கரைந்து போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய முடிச்சைக் கொடுத்தாள். அத்தை அதை ஒரு பித்தளைச் செம்பில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். செந்தூர் போய்ச் சேரும்வரை அந்தச் செம்பை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை தாண்டினால் அதிராம்பட்டினம். அங்கே இவரோடு கல்லூரியில் படித்த நண்பர் இருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. நண்பருடைய தோப்பும் தப்பவில்லை. அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போது காய்க்க ஆரம்பித்திருக்கின்றன. அந்த மரத்து இளநீரைத்தான் எங்களுக்கு வெட்டிக் கொடுத்தார். நாங்கள் விரதம் என்று யாரும் சொல்லாமலே, அவர் மனைவி அன்றைக்கு வீட்டில் கவுச்சி சமைக்காமல், சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் செய்து வைத்திருந்தார். சாப்பிட்டு எழுந்ததும் நண்பரின் அம்மா அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாகூரில் இவருக்காக ஃபாத்திஹா ஓதியதைச் சொன்னார். பிறகு முந்தானையில் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து, "உங்க கோயில்ல சோறு போடுவாங்கள்ல, அதுக்குக் கொடுங்க" என்றார். அத்தை இரண்டு கையையும் நீட்டி வாங்கி, அதையும் அதே செம்பில்தான் வைத்தார்.

அப்புறம் கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல், தொண்டி. இந்தச் சாலையில் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் இறங்கிப் போக ஒழுங்கான கழிவறை கிடைப்பது பெரும்பாடு. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் சொந்தக்காரர் வீடுகளைக் கணக்கு வைத்தே பயணத்தைத் திட்டமிடுவது நல்லது. அத்தை வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார் என்பதை நான் கவனித்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைப் பார்க்கும்போது உச்சி வெயில். தலைக்கு மேலே கூரையில்லாமல் அந்த வெயிலையே உகந்து உட்கார்ந்திருக்கிறார். இலங்கைக்குப் போகும் வழியில் ராமர் வணங்கிய பிள்ளையார். சிதறுகாய் உடைத்துவிட்டுத் தேவிபட்டினம் போனோம். கடலுக்குள் நவபாஷாணம் நிற்கும் அழகை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. கார் கதவைத் திறப்பதற்குள் தட்டோடு நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "சார் முகத்துலயே தோஷம் தெரியுது, பரிகாரம் பண்ணாமப் போகாதீங்க" என்று ஒருவன் இவரையே பார்த்துச் சொன்னான். நோயிலிருந்து எழுந்து வந்த மனிதரிடம் பேசுகிற பேச்சா இது? சாமியின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்திக் காசு பார்க்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. நவக்கிரகங்களை வணங்கிவிட்டு யாருக்கும் பதில் சொல்லாமல் வந்துவிட்டோம்.

ராமநாதபுரத்தில் அக்கா வீட்டில் இரவு. அவளுடைய முடிச்சில் ஒரு ரூபாயோடு ஒரு துளசி இலையும் காய்ந்து போயிருந்தது. விடிந்ததும் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. பனையும் சீமைக் கருவேலமும்தான் துணை. உப்பளங்கள் தென்பட ஆரம்பித்ததும் அத்தைக்கு முகமே மாறிவிட்டது. அது அவர் பிறந்த மண்.

தூத்துக்குடி மாமா இப்போது இல்லை. இவர் தேறிவிட்டார் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவர், ஆவணியில் போய்விட்டார். மாமி அவருடைய விபூதிச் சம்படத்தைத் திறந்து, அதற்குள்ளேயே இருந்த முடிச்சை எடுத்துக் கொடுத்தார். "யாரையும் தொடவிடலை, அக்கா வந்து கேட்டா மட்டும் கொடுன்னு சொல்லிட்டுப் போனாக" என்றார். அத்தை அந்த முடிச்சைச் செம்பில் போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

அங்கிருந்து செந்தூர் வரை சாலையோரம் பச்சை வேட்டி, பச்சைச் சேலையில் பாதயாத்திரை போகிறவர்கள். முக்காணியில் தாமிரபரணிப் பாலம் ஏறும்போது 'வெற்றிவேல் முருகனுக்கு' என்று ஒரு கூட்டம் குரல் கொடுக்க, காருக்குள் இருந்தே நாங்கள் அரோகரா போட்டோம்.

கோயிலில் அவ்வளவு கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கார் நிறுத்தும் இடத்திலிருந்தே புரோக்கர்கள் பின்னாலேயே வந்தார்கள். "பத்து நிமிஷத்துல பாத்துடலாம், பெரியம்மாவால நிக்க முடியாது" என்று தலைக்கு இவ்வளவு என்று பேரம். அத்தை திரும்பி நின்று, "பொது தரிசனத்துல நின்னு பாக்குறேன்னு சொல்லித்தான்யா வேண்டியிருக்கேன்" என்றார். அதற்கு மேல் அவர்கள் வரவில்லை.

முதலில் கடல். பிறகு நாழிக்கிணறு. அலை அடிக்கிற இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறுவதை எத்தனை தடவை பார்த்தாலும் மனம் அடங்காது. இவர் சட்டையோடுதான் முழுகினார். ஆபரேஷனுக்குப் பிறகு யார் முன்னாலும் சட்டையைக் கழற்றுவதில்லை. வீட்டில்கூட எந்நேரமும் மேல்சட்டைதான். தொண்டைக் குழிக்குக் கீழே இருந்து நடு நெஞ்சில் கோடு போல இறங்கும் அந்தத் தழும்பைக் கண்ணாடியில்கூட அவர் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

செந்தூரில் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது. நான் சென்னையிலிருந்தே இதை நினைத்துக்கொண்டு வந்தேன், ஆனால் அவரிடம் பேசவில்லை. வரிசையில் மணிக்கணக்கில் நின்றோம். காற்றே இல்லை. நெருக்கியடித்துக்கொண்டு யாரோ இவர் முதுகில் சாயும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறியது. சாத்தான்குளத்துக் குடும்பம் ஒன்று, முன்பின் தெரியாதவர்கள், அத்தைக்குக் கம்பியோரமாக உட்கார இடம் விட்டு, வரிசை நகரும்போதெல்லாம் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உள்ளே நுழையும் இடம் வந்தது. இவர் கொஞ்ச நேரம் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே எல்லா நெஞ்சும் திறந்துதான் இருந்தது. காவடி தூக்கித் தோள் கன்றிப்போனவர், முதுகில் அலகு குத்திய காயத்தோடு ஒருவர், வயிற்றில் பழைய தையலோடு ஒரு பெரியவர். எங்களுக்கு முன்னால் நின்ற அந்தப் பெரியவர் இவர் நெஞ்சைப் பார்த்து, "பைபாஸா தம்பி? எனக்கும் வயித்துல பெரிய ஆபரேஷன். கூட்டிட்டு வந்துட்டான் பாத்தியளா" என்றார். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாகிறது!

சன்னதி. கையில் மலரோடு, சிவபூஜைக் கோலத்தில், கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறான். தீபாராதனை காட்டும் நேரம் சரியாக நாங்கள் முன்னால். "நகருங்க, நகருங்க" என்ற சத்தம் காதில் விழுந்தும் கால் நகரவில்லை. கேட்பதற்காக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். மகன் வேலை, வீட்டுக் கடன், என் முழங்கால். ஒன்றும் வரவில்லை. தீப வெளிச்சத்தில் அந்த முகமும், பக்கத்தில் இவருடைய திறந்த நெஞ்சும்தான் தெரிந்தன. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்று, சத்தமாகவே சொன்னார்: "இந்தாப்பா, நீ கொடுத்த பிள்ளை. பாத்துக்கோ." அவ்வளவுதான். யாரோ தள்ள, வெளியே வந்துவிட்டோம். பார்த்தது சில நொடிதான் இருக்கும். எனக்குப் போதும் முருகா, இந்த ஜென்மத்துக்குப் போதும்.

பன்னீர் இலையில் விபூதி வாங்கிக்கொண்டோம். பன்னிரண்டு நரம்பும் அவன் பன்னிரு கை. இவர் இலையைப் பிரித்து, நெற்றியில் பூசும் முன்னே அந்தத் தழும்பின் மேல் முதல் நுனியிலிருந்து கடைசி நுனிவரை விரலால் இழுத்துப் பூசினார். நானும் மகனும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஆதிசங்கரரின் நோய் தீர்த்தது இந்த இலை விபூதிதானே.

உண்டியலில் அத்தை முடிச்சுகளை அவிழ்க்காமல், ஒவ்வொன்றாக, கொடுத்தவர் பெயரைச் சொல்லிச் சொல்லிப் போட்டார். தம்பியின் முடிச்சை முந்தானையிலிருந்து எடுத்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் பெயரைச் சொன்னார். நண்பரின் அம்மா கொடுத்ததை அன்னதானத்துக்குக் கட்டி ரசீது வாங்கினோம். அங்கே இப்போது நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. நாங்களும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டில் அவர் பங்கும் உண்டு என்று போனில் சொன்னதும் அந்த அம்மா அழுதுவிட்டார்கள்.

வீட்டுக்கொரு இலை விபூதி எடுத்து வைத்தாயிற்று. திரும்பும் வழியில் கொடுக்க வேண்டும். பேத்திக்கு மொட்டையும் காதுகுத்தும் வைகாசி விசாகம் முடிந்து கூட்டம் குறைந்ததும் செந்தூரிலேயே என்று அத்தை நாளையும் சொல்லிவிட்டார். சாத்தான்குளத்துக் குடும்பத்துக்கும் சொல்லியாயிற்று, அவர்களும் வருகிறோம் என்றார்கள்.