ஆள் இல்லாததால் கிடைத்த 44 நிமிடங்கள்

2021 ஜனவரி 9. கொரோனா கட்டுப்பாடும் காயங்களும் சேர்ந்து அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீகில் ஆடும் ஃபிலடெல்ஃபியா சிக்ஸர்ஸ் அணியில் ஏழே பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களை வைத்துத்தான் டென்வருடன் ஆடியாக வேண்டும். முந்தைய நவம்பரில், அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் 21ஆவதாக எடுக்கப்பட்ட இருபது வயது டைரீஸ் மேக்ஸிக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொடக்க ஐவரில் இடம். 44 நிமிடம் ஆடி 39 புள்ளி எடுத்தான். அணி தோற்றது.

எல்லோரும் அந்த 39ஐப் பேசினார்கள். என் கண்ணில் பட்டது வேறு. 33 ஷாட் எறிந்து 18 போட்டிருந்தான், 15 தவறின. புதுப் பையன் ஒருவன் ஒரே ஆட்டத்தில் 15 ஷாட் தவறவிட்டும் களத்திலேயே இருந்தான், ஏனென்றால் மாற்றி இறக்க ஆள் இல்லை.

கல்லூரி அணியில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கடைசி சில நிமிடங்கள். முதல் ஷாட் ரிம்மில் பட்டு வெளியே வந்தால் போதும், கண் தானாக பெஞ்ச் பக்கம் போய்விடும், யாராவது வார்ம்-அப் சட்டையைக் கழற்றுகிறார்களா என்று. அதற்கப்புறம் பந்து கைக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவனிடம் தள்ளிவிடத்தான் தோன்றும். அந்தப் பயத்தோடு ஆடுபவனைப் பார்த்து "இவனுக்குத் தைரியம் இல்லை" என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

ஆட்கள் திரும்பி வந்ததும் மேக்ஸி மறுபடியும் பெஞ்சுக்குப் போனான். அந்த சீசனில் அவனுடைய சராசரி 15 நிமிடம், 8 புள்ளி. தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டான த்ரீ பாயிண்டரில் 30 சதவீதம்தான் உள்ளே போனது. ஆனாலும் அட்லாண்டாவுக்கு எதிரான ப்ளேஆஃப் (சீசன் இறுதிச் சுற்று) தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 16 புள்ளி எடுத்து அணியைக் காப்பாற்றினான்.

அடுத்த சீசனில், அணியின் ஆட்டத்தை நடத்திவந்த பென் சிம்மன்ஸ் ஆட மறுத்தார். மேக்ஸியின் நேரம் 35 நிமிடமாகவும் புள்ளி 17.5 ஆகவும் ஏறின. த்ரீ பாயிண்டர் 42.7 சதவீதம்! கோடையில் ஜிம்மில் அவன் உழைத்த உழைப்பு அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜிம்மில் கிடைக்காத ஒன்று உண்டு. முன்பெல்லாம் அவனைத் தடுப்பவர்கள், எறியமாட்டான் என்ற தைரியத்தில், ஸ்க்ரீனுக்கு (அவர்களை மறிக்க மேக்ஸியின் சக வீரர் தடையாக நிற்பது) பின்பக்கமாக நழுவிப் போய் அவன் ஓடும் வழியை மறித்துக்கொள்வார்கள். இப்போது அப்படிப் போனால் நின்ற இடத்திலேயே எறிந்துவிடுவான். அதனால் அவர்கள் ஸ்க்ரீனைச் சுற்றி மேலே ஏறி வர வேண்டியதாயிற்று. வந்த அந்த அரை விநாடியில் அவன் கூடைக்குக் கீழே போய்விடுவான், அத்தனை வேகம். எப்போது எறிவது, எப்போது ஓடுவது என்கிற அந்தக் கணிப்பு, நிஜ ஆட்டத்தில் மறுபடி மறுபடி மாட்டிக்கொண்டால்தான் வரும்.

அப்புறம் 2023ல், பந்தை வைத்து ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஹார்டன் கிளிப்பர்ஸ் அணிக்குப் போனார். பந்து முழுக்க மேக்ஸியின் கைக்கு வந்தது. நவம்பரில் இண்டியானாவுக்கு எதிராக 50 புள்ளி. சீசன் சராசரி 25.9 புள்ளி, 6.2 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட வழிசெய்யும் பாஸ்). பந்தை அவ்வளவு நேரம் வைத்திருந்தும் ஆட்டத்துக்கு இரண்டு தடவைகூடப் பறிகொடுக்கவில்லை. அதிகம் முன்னேறிய வீரர் விருதும் அவனுக்கே. ஒவ்வொரு கதவும் வேறு யாரோ இல்லாமல் போனதால் திறந்தது என்பதுதான் எனக்கு உறுத்தல். அவர்கள் எல்லோரும் இருந்திருந்தால் இவனை யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

2024 ஏப்ரல் 30, நியூயார்க்கில் நிக்ஸ் அணியுடன் ப்ளேஆஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம், ஆறு புள்ளி பின்னடைவு. ஃபவுலோடு ஒரு த்ரீ, கூடவே ஃப்ரீ த்ரோ, மொத்தம் நான்கு புள்ளி. இடையில் நிக்ஸும் ஒரு புள்ளி சேர்த்தது. கொஞ்ச நேரத்தில் ஏறக்குறைய 35 அடியிலிருந்து இன்னொரு த்ரீ. ஆட்டம் சமன். ஓவர்டைமில் ஜெயித்தார்கள், மேக்ஸிக்கு 46. அந்தக் கடைசி ஷாட்டை எறிந்தபோது அவன் பெஞ்ச் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஆட்டத்திலேயே தொடரை இழந்தார்கள். அந்தக் கோடையில் சிக்ஸர்ஸ் அவனுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தது, 20 கோடி டாலருக்கும் மேல்.