கண்ணிக்குள் நாற்பது: தடைக்கால ஆய்வில் எங்கள் படகு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்வதில்லை. படகுகள் கரையில் நிற்கும் இந்தக் காலத்தில்தான் மீன்வளத்துறையினர் ஒவ்வொரு படகாக ஏறி ஆய்வு செய்வார்கள். ஆய்வுக்குப் படகைக் காட்டாதவருக்கு மானிய டீசலும், கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனும் நின்றுபோகும். தந்தைக்கு உடல்நலம் சரியில்லாததால், சென்ற ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கடற்கரையில் எங்கள் படகை முதன்முறையாக நான் ஆய்வுக்கு நிறுத்தினேன்.

படகின் நீளம் 24 மீட்டருக்கும், இயந்திரத்தின் திறன் 240 குதிரைத்திறனுக்கும் மிகக் கூடாது என்பது விதி. எங்களுடையது சிறிய, பழைய படகு. அந்தப் பகுதி பத்து நிமிடத்தில் முடிந்தது. உயிர்காப்பு மேலங்கிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "மடியை எடுத்து விரிங்க தம்பி" என்றார் அதிகாரி.

இழுவலையில் மீன் வந்து சேரும் கடைசிப் பைதான் கடைமடி. அதன் கண்ணி, அதாவது வலையின் ஓட்டை, 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதுவும் சதுரக் கண்ணியாக இருக்க வேண்டும். அவர் அந்தப் பையை உள்வெளியாகப் புரட்டச் சொன்னார். உள்ளே பொடிக் கண்ணி வலையை ஒட்டித் தைத்திருப்பவர்களும் உண்டு என்பதால் அந்தச் சோதனை. எங்கள் மடியில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் வலையை நனைத்து, கண்ணியை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளின் உட்புறத்துக்கு நடுவே அளவு வைத்தபோது 37தான் வந்தது. வேறு இடங்களிலும் அதே கதை. கடைக்காரர் முடிச்சின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 'நாற்பது' என்று விற்றிருக்கிறார். நானும் வீட்டில் அப்படியே அளந்து நிம்மதியாக இருந்தேன். போதாக்குறைக்கு, பையும் வழக்கமான சாய்சதுரக் கண்ணியாகவே இருந்தது.

அந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தவர் வலை தைக்கும் எங்கள் பெரியப்பா. ஒரு துண்டு வலையை இரு கைகளால் இழுத்தார். சாய்சதுரக் கண்ணிகள் கோடுகளாக ஒட்டிக்கொண்டன. அதே துண்டைக் கோணம் திருப்பிப் பிடித்து இழுத்தபோது, சன்னல் கம்பி போலத் திறந்தே நின்றன. மீனின் பாரம் ஏறிய மடியிலும் இதுதான் நடக்கும். திறந்த கண்ணி வழியாகக் குஞ்சு மீன் தப்பிவிடும். முடிச்சு வலையைத் திருப்பித் தைத்தால் பாரத்தில் முடிச்சு நழுவும் என்பதால், முடிச்சில்லாத வலையே வாங்கச் சொன்னார். கடைமடியை மட்டும் வெட்டி மாற்ற எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மறு ஆய்வில் ஒரே முறையில் அனுமதித்தார்கள்.

தடை முடிந்து சென்ற முதல் பயணத்தில் சங்காயம் எனப்படும் மலிவான பொடிமீன் கண்கூடாகக் குறைந்திருந்தது. எங்கள் படகில் சங்காயம் விற்ற பணம் ஆட்களின் கைச்செலவுக்குப் போவதால், அவர்கள் முகம் சுளித்ததில் நியாயம் இருந்தது. அந்தத் தொகையை நான் என் பங்கிலிருந்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று. இந்தச் செலவை விதி எழுதுபவர்கள் கணக்கில் கொள்வதாகத் தெரியவில்லை.

இப்போது வலைக்கடைக்குப் போகும்போது, சரியாக 40 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவிய தட்டைப் பலகைத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோகிறேன். அது கண்ணிக்குள் இறுக்கமின்றி நுழைந்த பிறகே விலை பேசுவேன்.