யார் முகத்துக்கு வைத்த அளவு?

இனவாதம் என்றதும் நம்மில் பலருக்கு மேடை முழக்கமும் தெருச்சண்டையும் வசைச்சொல்லுமே நினைவுக்கு வருகின்றன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படம் பிடிக்கும் கடை நடத்துகிற நான் பார்த்தவரையில், அது பெரும்பாலான நாள்களில் வாய் திறப்பதே இல்லை. ஒரு கருவியின் அமைப்பாகவோ, ஒரு படிவத்தின் கட்டமாகவோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதலில் அந்த அளவை வைத்தவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அவர் வைத்த அளவு மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். அதை இன்று பயன்படுத்துகிறவருக்கு யார்மீதும் வெறுப்பு இருக்க வேண்டிய தேவையே இல்லை.

என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். வண்ணப் பிலிம் காலத்தில், படம் கழுவும் இயந்திரத்தின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஓர் அட்டை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்நிறுவனத்திலேயே வேலை பார்த்த ஷெர்லி என்பவர் 1950களில் முதன்முதலாக அதற்கு அமர்ந்ததால், பிறகு வேறு பெண்கள் அமர்ந்த அட்டைகளுக்கும் ‘ஷெர்லி அட்டை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய கன்னத்தின் நிறம் சரியாக விழுந்தால் இயந்திரமும் சரி, படமும் சரி. தோட்டத்துக் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையின் வேட்டியும் பல்லும் பளிச்சென்று விழ, மூக்கு எது தாடை எது என்று தெரியாதபடி முகம் மட்டும் இருண்டு போனபோது, “பையன் கறுப்பு, என்ன செய்யிறது” என்றுதான் இரு வீட்டாரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்களே தவிர, பிலிமைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை.

அந்தப் பிலிம் திருந்திய கதை இன்னும் வேடிக்கையானது. கறுப்பு முகங்கள் சரியாக விழவில்லை என்பதைக் காட்டிலும், சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் விளம்பரப் படங்களில் பழுப்பின் பல சாயல்கள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்டதே கோடாக்கை அசைத்தது. 1980களில் வந்த புதிய பிலிமை, மங்கிய வெளிச்சத்தில் கருங்குதிரையைக்கூட விவரமாகப் படம் பிடிக்கும் என்று சொல்லி விற்றார்கள். குதிரைக்கும் மேசைக்கும் பிறகுதான் நம் முறை வந்தது. பல நிறப் பெண்கள் சேர்ந்து அமர்ந்த அட்டை வெளிவர 1990கள் ஆயின.

அறிவியலும் புகைப்படக் கருவியும் கைகோத்த வரலாறு இதைவிடப் பழையது. 1869இல் லாம்ப்ரே என்பவர் லண்டனில் ஒரு முறையை வெளியிட்டார். ஆளுயரச் சட்டம் ஒன்றில் பட்டு நூலால் இரண்டு அங்குலச் சதுரங்களாகக் கட்டம் போட்டு, அதன் முன்னால் மனிதரை ஆடையின்றி நிறுத்தி, நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் உலகத்து இனங்களையெல்லாம் ஒன்றோடொன்று அளந்து ஒப்பிடலாம் என்பது அவர் கணக்கு. அப்படங்களில் இன்று அடிக்கடி எடுத்துக் காட்டப்படும் ஒன்று மலாய் ஆடவர் ஒருவருடையது. குறிப்பில் இனம் எழுதப்பட்டிருக்கிறதே ஒழிய, ஆள் யார் என்பது இல்லை. நான் நாள்தோறும் பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டையான ஐசிக்கும் எடுக்கிற படங்களைப் போலவே வெளிச்சம் சீராக விழுந்த, தொழில்முறையில் குறை சொல்ல முடியாத படம் அது. அந்த ஒழுங்குதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

நம் முன்னோரையும் விட்டுவைக்கவில்லை. மதராஸ் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து, சாதி சாதியாகப் பிரித்து, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். வடக்கே அதே வேலையைச் செய்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆகச் சமூக நிலை தாழும் என்று கூசாமல் எழுதினார். நாகப்பட்டினத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் பினாங்குக்குக் கப்பல் கப்பலாகப் பால்மர (ரப்பர்) தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய காலமும் அதுவே. யார் எந்த வேலைக்குப் பிறந்தவன் என்பதை மூக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற எண்ணம், ஏற்றுமதி செய்கிறவனுக்கும் இறக்குமதி செய்கிறவனுக்கும் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர் சோம்பேறி என்ற பட்டமும் இதே கடையில் அடித்த முத்திரைதான்; தங்கள் தோட்டத்தில் கூலிக்கு வர மறுத்தவர்களுக்குக் காலனி முதலாளிகள் கொடுத்த பெயர் அது என்பதைச் சமூகவியலாளர் சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் விரிவாக எடுத்துக் காட்டினார்.

அறிவியல் இவற்றையெல்லாம் கைவிட்டுவிட்டது என்பது உண்மை. இனம் குறித்து 1950இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையும், மனிதருக்குள் காணும் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1972இல் காட்டிய கணக்கும் அதற்குச் சான்று. ஆனால் கொள்கையைக் கைவிடுவது ஒன்று. கருவியைத் திருத்துவது வேறொன்று. கோவிட் காலத்தில் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருந்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலுக்குள் செலுத்தி, ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை வைத்து ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. தோலின் கருமையும் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இறங்கியிருந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பரில் 11.7 விழுக்காடு. அந்நாட்டு அரசின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி, இத்தகைய கருவியைப் பத்துப் பேரிடம் சோதித்தால் போதும், அவர்களில் குறைந்தது இருவராவது கறுத்த தோலினராக இருக்கட்டும் என்றிருந்தது. அதை எழுதியவர்கள் இனவெறியர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேர் போதும் என்று அவர்களுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். பிரச்சினையே அந்த ‘அவ்வளவுதான்’ என்பதில் இருக்கிறது.

ஊடகத்துக்கு வருவோம். 2013 ஆகஸ்டில் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இந்தியர் என்ற எண்ணிக்கையும் உடன் வந்தது. அந்த எண் பொய் என்று சொல்ல வரவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களுக்கும் கோல்ப் திடல்களுக்கும் விற்கப்பட்டபோது, தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழந்து பட்டணத்து விளிம்புகளுக்குப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள் என்ற பின்கதை, எண்ணோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை. எண் தலைப்பாகும், காரணம் எட்டாம் பக்கத்துக்கும் வராது. அதன் பிறகு எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வேலை மனுவுக்குப் படம் எடுக்க வந்தால், “தாடிய எடுத்திட்டு வரவா அண்ணே, இல்லன்னா வேற மாதிரி நினைப்பாங்க” என்று அவனாகவே கேட்கிறான்.

2017இல் நோன்புப் பெருநாளையொட்டி வாட்சன்ஸ் நிறுவனம் வெளியிட்ட விளம்பரம் வேறு வகை. அதில் ஒரு பெண்ணுக்கு முகமெல்லாம் கறுப்புச் சாயம் பூசி, பிறகு அதைக் கழுவி அழகியாக்கிக் காட்டினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றார்கள். அதேபோல 2021 அக்டோபரில், சுதிர்மான் கிண்ணப் போட்டியில் தோற்ற நம் பூப்பந்து வீராங்கனை எஸ். கிசோனாவை முகநூலில் இழிசொல்லால் வசைபாடிய ஓர் அரசியல் கட்சிக்காரரும் நாடே கண்டித்த பிறகு மன்னிப்புக் கேட்டார். இப்படி வெளிப்படையாக வருவதைப் பிடித்துவிடலாம், பிடித்தும் இருக்கிறோம். திறன்பேசிக்குள் இருப்பதைப் பிடிப்பது கடினம். அதே 2017இல் பேஸ்ஆப் என்ற செயலி, முகத்தைக் ‘கவர்ச்சியாக’ மாற்றித் தரும் வசதியில் எல்லோருடைய தோலையும் வெளுக்கச் செய்தது. பயிற்சிக்குக் கொடுத்த படங்களே ஒருசார்பானவை என்று அதன் உரிமையாளர் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் 0.8 விழுக்காட்டுக்கு மேல் போகாத பிழை, கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. ஷெர்லி அட்டை காணாமல் போய்விட்டது என்று நினைத்தவர்கள் இந்த எண்களை இன்னொரு முறை படிக்கலாம்.

இதில் நம் பங்கைச் சொல்லாமல் விட்டால் எழுதியதே வீண். சம்பந்தம் பேசப் படம் எடுக்க வரும் அம்மாக்களில் பாதிப் பேர் மெல்ல அருகில் வந்து குரலைத் தாழ்த்துவார்கள்.

“அண்ணே, பிள்ளைய கொஞ்சம் செவப்பா காட்டுங்க.”

“மாப்பிள்ளை வீட்டுல நேர்ல வந்து பாக்கமாட்டாங்களாம்மா?”

“அதுக்குள்ள பேசி முடிச்சிரலாம்ணே.”

பெண் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். 1975இல் இந்தியாவில் ‘பேர் அண்ட் லவ்லி’ என்று விற்கத் தொடங்கிய களிம்பு 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. இந்த அம்மாக்களின் கோரிக்கையில் எழுத்துகூட மாறவில்லை. சாதி பார்த்துத்தான் படத்தையே அனுப்புவார்கள் என்பது தனிக்கதை. நம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் வங்காளதேசத் தொழிலாளர்களைப் பற்றி எழுதப்படுவதைப் படித்தால், அழுக்கு, திருட்டு, நம்பக்கூடாது என்று வெள்ளைக்காரத் துரைமார் நம் பாட்டன்களைப் பற்றிச் சொன்னவற்றில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டதுபோல இருக்கிறது.

அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இதற்குப் பொருந்தும். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள்கள் கூடும் நேரத்தில், கணக்கெடுக்க, முகம் பார்த்து வருகை பதியும் கருவி ஒன்றை நிர்வாகம் வாங்கி வைத்தது. விடியுமுன் கூடுகிற வங்காளதேசத் தொழிலாளர்களிலும் மிச்சமிருக்கும் நம்மவர்களிலும் கறுத்த முகத்தவர்களை அது திரும்பத் திரும்ப ஏற்க மறுத்தது. பதிவாகாதவர்களுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். “வேணும்னே மூஞ்சியச் சரியாக் காட்டமாட்டானுங்க” என்றார் தோட்டத்து எழுத்தரான கிராணி, அவரும் தமிழர்தான். பதிவுப் படங்களை மறுபடி எடுத்துத் தரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், ஒரே குழல்விளக்கு ஆள்களின் முதுகுக்குப் பின்னால் எரிகிறது. கருவி அந்த விளக்கைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள, முகம் இன்னும் இருண்டு போகிறது. விளக்கை முன்பக்கம் மாற்றச் சொன்னேன். பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்தது.

மீதிப் பாதிக்குக் கருவி விற்றவரைத் தொலைபேசியில் பிடித்து, இதை எந்த நிறத்து முகங்களை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார், தயாரிப்பாளரிடம் விசாரித்துச் சொல்வதாகவும் சொன்னார். பதில் எழுத்தில் வரும்வரை பழைய வருகைப் பதிவேடான செக்ரோலில் கையால் போடும் பெயரையே சம்பளக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும்படி கிராணியிடம் பேசியிருக்கிறேன். பிடித்த அரை நாள்களைத் திருப்பித் தருவது பற்றி நிர்வாகியிடம் அவரே பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.