பையனின் பெயர் யார் கையில் இருக்க வேண்டும்? கிருஷ்ணகிரி, தருமபுரியில் துறைகளைச் சேர்த்து வேலை வாங்கிய அனுபவம்

அடிதடியிலும் கும்பல் வேலையிலும் சிக்கும் சிறுவர்களைத் துறைகள் சேர்ந்து மீட்க வேண்டும் என்றால், முதலில் வாங்க வேண்டியது மாவட்ட ஆட்சியரின் செயல்முறை ஆணை. அது இல்லாமல் வெறும் கடிதம் அனுப்பினால், காவல் துறையிலிருந்து ஒரு தலைமைக் காவலரும் கல்வித் துறையிலிருந்து ஓர் இளநிலை உதவியாளரும் வருவார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். இருவருக்குமே முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. சிறப்பு சிறார் காவல் பிரிவின் டிஎஸ்பி, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், நன்னடத்தை அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், அரசு மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர், திறன் பயிற்சி அலுவலர், கோட்டாட்சியர் எல்லோரையும் பதவிப் பெயரோடு ஆணையில் குறிப்பிட வேண்டும். ஆளின் பெயரைப் போட்டால் அடுத்த இடமாறுதலோடு ஆணை செத்துவிடும்.

முழு மாவட்டத்தையும் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே பள்ளி விட்ட பிறகான மாலை நேரம்தான் பிரச்சினை. பென்னாகரம், அரூர் பக்கம் பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போயிருப்பார்கள், பையன் பாட்டியோடு இருப்பான். அவனுக்குத் தேவை அரசு விடுதியில் ஓர் இடம். ஓசூருக்குப் போட்ட திட்டத்தை அப்படியே பென்னாகரத்தில் இறக்கினால் பணம்தான் வீண்.

அடுத்தது பட்டியல். இதில்தான் பெரும்பாலும் சறுக்கும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவுத் தளத்தில் தொடர்ந்து வராதவர்களாகக் காட்டும் மாணவர்கள், காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிவான சிறுவர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு வந்த அழைப்புகள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால், திரும்பத் திரும்பத் தலைகாட்டும் பெயர்கள் சிலதான் இருக்கும். அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவனுக்கும் ஒரே ஓர் அலுவலரைப் பொறுப்பாக்க வேண்டும். 'அனைத்துத் துறைகளும் இணைந்து கண்காணிக்கும்' என்று கூட்டக் குறிப்பில் எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்தப் பட்டியல் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பூட்டி இருக்க வேண்டும்; காவல் நிலையத்துக்குப் போகவே கூடாது. நிலையத்திலிருந்து தகவல் வாங்கலாம், பட்டியலைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த மாரியம்மன் பண்டிகைக்கு முதல் நாளே 'முன்னெச்சரிக்கை' என்று அந்தப் பையன்களை அள்ளிக்கொண்டு போவார்கள். அதன்பின் எந்தத் தலைமையாசிரியரும் வாயைத் திறக்க மாட்டார். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவும் சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது.

மருத்துவமனையிடம் பெயரே கேட்க வேண்டாம். விபத்துப் பதிவேட்டிலிருந்து வெட்டு, குத்துக் காயங்களுக்கு இடம், கிழமை, நேரம், ஆயுதம் இந்த நான்கு மட்டும் போதும். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரம் கண்ட வழி இது. அடிபட்டு வருகிற பலர் காவல் நிலையம் போவதே இல்லை என்று அங்கே தெரியவந்தது. எந்தப் பேருந்து நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு ஆள் நிறுத்த வேண்டும் என்பதை இந்த நான்கு கலங்களே காட்டும்.

வழக்கு விஷயத்தில் பல நிலையங்கள் தடுமாறுகின்றன. இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின்படி, கொடிய குற்றம் என்றாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்தது என்றாலோதான் சிறார் மீது எஃப்ஐஆர். மற்றதெல்லாம் பொது நாட்குறிப்பில் ஏறி, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். கொடிய குற்றம் என்பது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு உள்ளது. கொலை முயற்சிக்கு அப்படிக் குறைந்தபட்சம் எதுவும் இல்லை. அது கடுமையான குற்றம் என்ற வகையில்தான் வரும். உச்ச நீதிமன்றம் 2020-இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. 'ஒரு கேஸ் போட்டால்தான் பயம் வரும்' என்பார்கள். கேஸ் விழுந்த பையனுக்குத் தெருவில் மவுசு கூடுகிறது, அவ்வளவுதான்.

பெரியவர்கள் பின்னால் இருந்தால் அவர்கள் மீது போட வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். சிறுவர்களைக் கும்பல் வேலைக்குப் பயன்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. கஞ்சாவோ சாராயமோ புகையிலையோ கொடுத்தால் 77-ஆம் பிரிவு. எல்லை தாண்டி வரும் பொட்டலங்களைப் பள்ளி வாசலில் விற்கும் பெட்டிக்கடைக்காரரைச் சில்லறை அபராதத்தோடு விடாமல், 77-ஐ எழுதச் சொல்லுங்கள்.

பள்ளியில் இன்னொரு ஓட்டை. அடிதடி நடந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, அவர்களே கேட்டதுபோல எழுதி வாங்கிக்கொண்டு டிசி கொடுத்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பு வரை வெளியேற்றத்துக்குக் கல்வி உரிமைச் சட்டம் தடை போடுகிறது. ஒன்பதிலிருந்து அந்தக் காப்பு இல்லை. சண்டைக்குப் பின் தரும் டிசி எதுவானாலும் முதன்மைக் கல்வி அலுவலரின் பார்வைக்குப் போக வேண்டும் என்று ஆணையிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு மனுவையும் உடனே எழுதி வாங்கிவிட வேண்டும். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்காகத்தான் மனு தூங்கும். கோட்டாட்சியரைக் குழுவில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதினெட்டு முடிந்தவனைக் குழந்தைகள் அலகு கைவிடும், காவல் துறை தன் பதிவேட்டில் சேர்க்கும். பதினேழரையிலேயே ஐடிஐ சேர்க்கைக்கோ திறன் பயிற்சிக்கோ பெயர் மாறியிருக்க வேண்டும். ஐடிஐ சேர்க்கைக் காலம் தவறினால் ஓராண்டு போய்விடும்.

கிருஷ்ணகிரிக்கென்று ஒன்று: மோதல் வெடிக்கக்கூடிய எருது விடும் விழாக்களின் நாட்காட்டி. 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் அருகே கோபசந்திரத்தில் அனுமதி இழுபறியாகி, தேசிய நெடுஞ்சாலை மறியல், கல்வீச்சு, தடியடி வரை போனது. வருவாய், காவல், கால்நடைப் பராமரிப்பு, சுகாதாரம் என்று ஒவ்வொரு துறையின் அறிக்கையும் சேர்ந்தால்தான் அனுமதி. ஒன்று தாமதித்தாலும் கோப்பு நிற்கும். மார்கழியிலேயே எல்லா ஊர் மனுக்களையும் ஒரே மேசையில் வாங்கித் தேதி பிரித்துவிட வேண்டும். அனுமதி இல்லை என்றால் அதையும் விழாக் குழுவிடம் இரண்டு நாள் முன்னதாக, தாசில்தாரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறவர்களிடம் போய்ச் சொல்லக் கூடாது.