கடைக்குப் போர்டு வைத்த அனுபவம்: எழுத்தின் அளவு முதல் ஆங்கர் போல்ட் வரை

மருந்தகம் திறக்க முடிவானதும் போர்டு வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பலரும் நேராக டிசைனரிடம் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கணினித் திரையில் எந்த எழுத்தும் அழகாகத்தான் தெரியும். போர்டைப் படிக்கப் போகிறவர் திரைக்கு முன்னால் இல்லை, சாலையில் இருக்கிறார். அதனால் நான் முதலில் அளவு டேப்போடு எதிர்ப்பக்கம் போனேன். எங்கிருந்து பார்த்தால் கடை முகப்பு தெரிகிறது, எந்த மரக்கிளை மறைக்கிறது, மின்கம்பம் எந்த இடத்தில் குறுக்கே வருகிறது என்று பார்த்து, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்கள் பிற்பாடு டிசைனருக்கே பெரிய உதவியாக இருந்தன.

எழுத்தின் உயரத்துக்கு இந்தத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். எண்பதடியிலிருந்து சிரமமில்லாமல் படிக்க வேண்டுமானால் எழுத்து எட்டு அங்குலமாவது இருக்க வேண்டும். இந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மனதில் வைத்துப் போட்டது. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீளும். உகரக் கீற்றையும் சேர்த்து எட்டு அங்குலம் என்று வைத்தால் எழுத்தின் உடல் ஐந்தாறு அங்குலமாகச் சுருங்கிவிடும். எங்கள் போர்டுக்கு ‘ம’ என்ற எழுத்தின் உயரத்தையே அளவாக வைக்கச் சொன்னேன். தமிழில் போர்டு செய்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

வண்டியில் வருகிறவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் 11 மீட்டர் கடந்துவிடுகிறார். அவருக்கு இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் படிக்க நேரம் இல்லை. கடையின் பெயர், ‘மருந்தகம்’, ஒரு பச்சைச் சிலுவைக் குறி, அவ்வளவுதான் போர்டில். தொலைபேசி எண்ணும் கடை நேரமும் கண்ணாடிக் கதவுக்குப் போயின. கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தையும் உள்ளாட்சி அலுவலகத்தின் அனுமதியையும் அளவு முடிவானவுடனேயே வாங்கிவிட்டோம். சில இடங்களில் அளவுக்கும் விளக்குக்கும் தனித்தனி விதிகள் இருக்கும், செய்து முடித்தபின் கேட்டால் எல்லாம் வீண்.

அடுத்தது டிசைன் ஃபைல். தமிழ் எழுத்துரு இந்த வேலையில் பெரிய கண்ணி. பல அச்சகங்களில் இன்னும் பழைய குறியீட்டு எழுத்துருக்கள் இருக்கின்றன. நாம் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பியதை அங்கே ஒட்டும்போது ‘கொ’ சிதறி நிற்கும், ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகும், புள்ளி காணாமல் போகும். அதனால் பிடிஎஃப்போடு, சரியாகத் தெரிகிற ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பி, “இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்” என்று எழுதிவிட வேண்டும். எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிய பிறகு தட்டச்சில் திருத்த முடியாது. ஆகவே அதற்கு முன்பே தாளில் அச்செடுத்து, விஷயம் தெரியாத ஒருவரை ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். என் அக்கா படித்தார்கள், நான் பென்சிலால் டிக் அடித்தேன்.

லோகோ வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாத கோட்டு வடிவ ஃபைலாக, இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கிப்போன படம், பத்தடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். நிறத்தைத் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. பளீரென்ற பச்சையும் ஆரஞ்சும் அச்சில் மங்கித்தான் வரும். ஒரு சிறு துண்டு மாதிரி அச்சடிக்கச் சொல்லி, அதை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தேன்.

பொருளைப் பொறுத்தவரை, திறப்பு விழா அறிவிப்புக்கு ஃப்ளெக்ஸ் போதும். வருடக்கணக்கில் நிற்க வேண்டிய போர்டுக்கு ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) அடித்தளம், மேலே உள்ளிருந்து எரியும் அக்ரிலிக் எழுத்துகள் என்று போனோம். இங்கே அக்ரிலிக்கின் குணம் தெரிந்திருக்க வேண்டும். வெப்பம் ஏறும்போது அது அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு நீள்கிறது. இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஒரே ஷீட், வெப்பம் 30 டிகிரி கூடினால் சுமார் 5 மி.மீ. நீளும். திருகை இறுக்கிப் பூட்டினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். துளையைத் திருகைவிடப் பெரிதாகப் போட்டு வாஷர் வைக்கச் சொல்லுங்கள். தின்னரோ ஸ்பிரிட்டோ போட்டு அக்ரிலிக்கைத் துடைக்கவும் விடாதீர்கள், மேற்பரப்பில் முடி போல விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

கண்ணாடிக் கதவு ஸ்டிக்கருக்கு ஒன்று: சால்வென்ட் மையில் அச்சடித்த வினைலை (ஸ்டிக்கர் ஷீட்டை) உடனே லேமினேட் செய்யக் கூடாது. மை ஆவி வெளியேற ஒரு நாளாவது விட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி உள்ளேயே மாட்டிக்கொண்டு ஓரங்கள் சுருளும்.

பட்டறையில் எழுத்து வெட்டும்போது நான் அருகில் நின்றேன். ‘மருந்தகம்’ என்ற சொல்லில் இரண்டு புள்ளிகள். தனித்தனி எழுத்தாகச் செய்யும் போர்டில் புள்ளி என்பது எதோடும் ஒட்டாத ஒரு குட்டிப் பெட்டி. அதற்கும் தனியாக முதுகுத் தகடு வேண்டும், சுவரோடு பிடிக்க இரண்டு ஸ்டட் (மரை போட்ட சிறு கம்பி) வேண்டும், ஒரு எல்இடி மாட்யூல் (சிறு விளக்குத் துண்டு) வேண்டும், வயர் வெளியே வரத் துளை வேண்டும். ஒரே ஸ்டட்டில் நிற்கும் புள்ளி காற்றில் திரும்பித் திரும்பித் தளரும். பல கடைகளில் புள்ளி விழுந்த பெயர்களைப் பார்க்கிறோமே, காரணம் பெரும்பாலும் இதுதான். பட்டறைக்காரர் புள்ளியைக் கையில் எடுத்து, “அண்ணே, இதுக்குள்ள ரெண்டு ஸ்டட் இடிக்குமே” என்றார். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினோம். பார்வைக்கும் அது நன்றாகவே இருந்தது.

எழுத்தின் ஆழம் குறைவாக இருந்து மாட்யூல்கள் தள்ளித் தள்ளி இருந்தால் முகப்பில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். ஒட்டுவதற்கு முன் பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு எரியவிட்டுப் பாருங்கள். எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை முழுத் திறனுக்கு ஓட்டக் கூடாது. மாட்யூல்கள் மொத்தம் 80 வாட் என்றால் 100 வாட் எஸ்எம்பிஎஸ் வையுங்கள், அதையும் ஏணி போட்டால் கைக்கு எட்டுகிற, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். வெளிச்சம் அதிகமானால் நல்லது என்று நினைக்க வேண்டாம். இரவில் மிதமிஞ்சி எரிந்தால் ‘ரு’ போன்ற எழுத்துகளின் இடைவெளிகள் ஒளியில் நிரம்பி, தூரத்திலிருந்து ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். நாங்கள் டிம்மர் வைத்து, ராத்திரி எதிர்ப்பக்கம் நின்று, இடைவெளிகள் தெளியும் வரை குறைத்தோம்.

மாட்டுவதற்கு வந்தவர் டிரில்லை எடுப்பதற்கு முன்னால் விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ‘டொக்’ என்ற சத்தம் மாறியது. “இங்க பூச்சு பிடிப்பு விட்டிருக்கு, ஆங்கர் நிக்காது” என்று சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். பூச்சின் கனத்தைக் கழித்துவிட்டு, செங்கல்லுக்குள் எவ்வளவு போகிறது என்றுதான் ஆங்கரின், அதாவது சுவருக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்டின், நீளத்தைக் கணக்கிட வேண்டும். உள்ளே பொள்ளலான ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண ஆங்கர் பிடிக்காது, ஸ்லீவோடு (துளைக்குள் போகும் வலைக்குழாயோடு) பசையால் இறுகும் கெமிக்கல் ஆங்கர் வேண்டும்.

காற்றின் பலத்தைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. மணிக்கு 100 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 48 கிலோ அழுத்தம் கொடுக்கும். பத்தடிக்கு மூன்றடி போர்டு என்றால் 130 கிலோவுக்கு மேல். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு. நடப்பவர்கள் தலைக்கு மேல் தொங்கப்போகிற பொருள் இது, ஆங்கரில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சம்மதமே இல்லை. ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தை நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், நடுவில் நைலான் வாஷர் போடச் சொன்னேன்.

முழு அளவில் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டி, அதன் மேலேயே துளையிட்டார்கள். துளையிடும் முன் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது, மேலே இருந்த சன்ஷேடே ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருப்பது தெரிந்தது. ரசமட்டப்படி மாட்டினால் போர்டுதான் கோணலாகத் தெரியும். சாலையைக் கடந்து நின்று பார்த்து, சன்ஷேடின் கோட்டையொட்டியே வைத்தோம். கண்ணுக்கு இப்போது நேராக இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் போர்டுக்குத் தனி எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) கொடுத்து, இரும்பு ஃப்ரேமை எர்த்தோடு இணைத்தார். சுவருக்குள் நுழையும் வயர் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து மேலேறிப் போக வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். எழுத்துகளின் அடியில் சிறு வடிகால் துளைகளும் வேண்டும். ஏசிபி மேல் உள்ள பாதுகாப்புப் படலத்தை மாட்டிய அன்றே உரிக்கச் சொல்லுங்கள். வெயிலில் காய்ந்துவிட்டால் பசை ஷீட்டோடு இறுகி, உரிப்பது பெரும்பாடு.

பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்: திருத்தக்கூடிய மூல ஃபைல், வினைல் மற்றும் அக்ரிலிக்கின் நிற எண்கள், அதே தொகுதியைச் சேர்ந்த சில எல்இடி மாட்யூல்கள். வேறு தொகுதி மாட்யூலின் வெள்ளை கொஞ்சம் மாறியிருக்கும், ஓர் எழுத்து மட்டும் தனித்துத் தெரியும். முதல் பெரிய மழைக்குப் பிறகு வந்து போல்ட்டுகளையும் சிலிகானையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கினேன். வந்து பார்த்தார்கள், இரண்டு நட்டை இறுக்கினார்கள்.