அப்பாவின் எக்ஸ்பி

ஜூன் 7, சனி

அப்பாவின் டிடிபி கடைக் கணினி இன்று மூன்றாவது முறை போட்டபோதுதான் கிளம்பியது. ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம். பழைய ஐடிஇ இணைப்பில் 80 ஜிபி டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7. கல்யாணம், காதணி விழா, கருமாதி என்று ஊர்ப் பத்திரிகை முழுக்க அதற்குள்தான்.

"ஃபைலை மட்டும் பென் டிரைவ்ல எடுத்துக்கோயேன்டா" என்றார் அப்பா. எடுத்தேன். பேஜ்மேக்கர் கோப்புகள் என் லேப்டாப்பில் திறக்கவே இல்லை. வேர்டில் அடித்த பெயர்ப் பட்டியல்கள் திறந்தன. ஆனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தன. கோப்பு, எழுத்துரு, மென்பொருள் மூன்றும் சேர்ந்தால்தான் அது தமிழ். முழுக் கணினியையும் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது என் லேப்டாப்புக்குள் ஓடும் மென்பொருள் கணினியாக, ஆக்கப் போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஓடும் விண்டோஸையே பிரதியெடுக்க டிஸ்க்2விஹெச்டி இருக்கிறது. ஆனால் சாகக் கிடக்கும் டிஸ்க்கில் விண்டோஸை ஓடவிட மனம் வரவில்லை. கழற்றி, யுஎஸ்பி கன்வர்ட்டரில் மாட்டி, லினக்ஸில், பழுதான டிஸ்க்கைப் பிரதியெடுக்கும் டிடிரெஸ்க்யூ ஓட்டினேன். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு வரும். மதியம் கரண்ட் போய் டிஸ்க் நின்றுவிட்டது. எதுவரை படித்தது என்று மேப் கோப்பில் எழுதியிருந்ததால் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. இரவு 11 மணிக்கு முடிந்தபோது 48 கேபி மட்டும் படிக்க முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்

டிஸ்க்கின் பிரதியான படிமத்தை விடிஐ வடிவத்துக்கு மாற்றி, விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றினேன். நீலத்திரை, ஸ்டாப் 7பி பிழை. பழைய மதர்போர்டு வியா சிப்செட். விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவதோ, டிஸ்க்கை இயக்க இன்டெல் ஐடிஇ கன்ட்ரோலர். தன் டிஸ்க் எங்கே என்று எக்ஸ்பிக்குத் தெரியவில்லை.

ஜூன் 14, சனி

நான்கு இரவுகள் போயின. படிமத்தை லினக்ஸில் மவுன்ட் செய்து, எக்ஸ்பியின் டிரைவர் தொகுப்பான கேபினட்டிலிருந்து அந்தக் கன்ட்ரோலருக்கான இன்டெல்ஐடிஇ கோப்பை எடுத்து வைத்து, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அது தொடக்கத்திலேயே ஏறும்படி மாற்றினேன். கன்ட்ரோலரின் அடையாளத்தையும் சேர்த்தேன். கிளம்பிவிட்டது! அதே பச்சைப் புல்வெளி. நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரும் வால்யூம் லைசென்ஸ் என்பதால் ஆக்டிவேஷன் கேட்கவில்லை. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது, அதனால் நெட்வொர்க்கைத் துண்டித்தேன். படிமத்துக்கு இரண்டு பிரதிகள்.

அப்பா உட்கார்ந்து 2006 வைகாசிக் கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்தார். 'வாழ்த்தி செல்ல' என்றிருந்தது. "அன்னைக்கே ஒற்று விட்டுட்டேன்" என்று கர்சரை அங்கே வைத்து, ஒரு எழுத்தை அடித்து அரைப்புள்ளிக் கட்டையைத் தட்டினார். திரையில் 'ச்' விழுந்தது.